எடிட்டர் பைலில் உப்பு பார்த்த கதை

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அடுப்பில் ரசம் நுரை கட்டி வருகிற நேரமாகப் பார்த்து கவிதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு ஆபீஸில் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். கெட்டிக்காரி. சும்மா போன் செய்கிற ஆள் கிடையாது.

“அக்கா, நம்ம எடிட்டர் பைலைப் புது வெர்ஷனுக்கு மாத்திக்கிட்டு இருக்கோம். ஏஐகிட்டக் குடுத்தோம். அம்புட்டையும் பாதியாச் சுருக்கித் தந்துருச்சு. அதுல ‘உப்பு’ன்னு ஒரு சோதனை இருக்குல்ல, அது எதுக்குன்னு அதுக்கும் தெரியல, எங்களுக்கும் தெரியல. தேவையில்ல, எடுத்துறலாம்னு சொல்லுது. எடுத்துறவா?”

“எடுத்துப் பாரு, நேரா பஸ் ஏறி வந்து காதைத் திருகுறேன்” என்றேன்.

சிரித்தாள். சிரித்துவிட்டு, “அப்ப அது என்னன்னு எழுதியாச்சும் குடுங்கக்கா. எழுதி வைக்காம போயிட்டா எங்களுக்கு எப்பிடித் தெரியும்?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பதில் சொல்வதற்குள் ரசம் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன்.

என்னைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ. பிறகு ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஏழு வருஷம், கல்யாணம் நிச்சயமான பெண்களுக்கும் வேலை கிடைக்காத பையன்களுக்கும் தட்டச்சு சொல்லிக்கொடுத்தேன். அதற்கப்புறம் திருநகரில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் இருந்த சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். கப்பலூர் தொழிற்பேட்டையில் இருக்கிற மிஷின்களுக்கு புரோகிராம் எழுதுகிற கம்பெனி. நான் புரோகிராம் எழுதவில்லை. எழுதுகிறவர்களின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஏழு பேர் இருந்தபோது சேர்ந்து, இருபத்திரண்டு பேர் ஆகும்வரை நான் ஒருத்தியே பார்த்தேன். பெருமையாகத்தான் சொல்கிறேன். அத்தனை வருஷத்தில் என்னால் ஒரு மிஷின் ஒரு நாள் முழுக்கப் படுத்ததில்லை.

எங்கள் முதலாளி தனசேகரன் சார். சத்தம் போட மாட்டார். ஏதாவது தப்பு நடந்தால் கூப்பிட்டு உட்காரவைத்து, “மூணு தடவை சொல்லுங்கம்மா” என்பார். முதல் தடவை நமக்குத் தோன்றியதெல்லாம் சொல்லலாம், குறுக்கே பேச மாட்டார். இரண்டாவது தடவை கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை, “உங்க கையால செஞ்சதை மட்டும் சொல்லுங்க.”

சேர்ந்த புதிதில் எனக்கு இது நடந்தது. ஒரு கம்ப்யூட்டருக்குக் காலையில் உயிர் வரவில்லை. முதல் தடவையில் கரண்ட் ஆபீஸைத் திட்டினேன், வயரிங் செய்தவரைத் திட்டினேன், எலியைக்கூடத் திட்டினேன். இரண்டாவது தடவை பேச்சு பாதியாகச் சுருங்கியது. மூன்றாவது தடவை வாயைத் திறந்தால், “நேத்து சாயங்காலம் போன் சார்ஜ் போட இந்த பிளக்கைப் பிடுங்கினேன் சார்” என்பது மட்டும்தான் மிச்சம். அவர் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதிலிருந்து யார் என்னிடம் புகார் சொன்னாலும் மூன்று தடவை கேட்கிற பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

இனி எடிட்டர் விஷயத்துக்கு வருகிறேன். புரோகிராம் எழுதுகிறவர்கள் நாள் முழுக்கக் கண்ணை வைத்திருக்கிற இடம் எடிட்டர். ஒவ்வொருவரும் அதைத் தன் இஷ்டத்துக்கு மாற்றி வைத்திருப்பார்கள். ஒருவருக்குக் கறுப்புத் திரை, ஒருவருக்கு வெள்ளை. கீபோர்டில் எந்தக் கட்டையைத் தட்டினால் என்ன நடக்கும் என்பதும் ஆளுக்கு ஆள் வேறு. புது ஆள் சேர்ந்தால் இதையெல்லாம் சரிசெய்யவே மூன்று நாள் போகும். ஒரு மழைக்காலத்தில் இடி விழுந்து ஒருவருடைய ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. எழுதின புரோகிராமெல்லாம் பத்திரமாக வேறு இடத்தில் இருந்தது. எடிட்டர் செட்டிங் மட்டும் போச்சு. மனுஷன் ஒரு வாரம் எதைத் தொட்டாலும் தப்பாகத் தட்டிக்கொண்டு, எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டு அலைந்தார்.

அப்போதுதான் எடிட்டரைத் தானே அமைத்துத் தருகிற ஒரு பிரேம்வொர்க்கைப் பிடித்தேன். டிக்ளரேட்டிவ் என்பார்கள். கல்யாணச் சமையல்காரரிடம் நாம் அடுப்பை எப்போது மூட்ட வேண்டும், கடுகை எப்போது போட வேண்டும் என்றெல்லாம் சொல்வதில்லை. இலையில் இன்னின்ன இருக்க வேண்டும் என்று பட்டியல் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். இதுவும் அப்படித்தான். ‘இந்த நிறம், இந்த எழுத்து, இந்தக் கட்டைக்கு இந்த வேலை’ என்று ஒரே பைலில் எழுதிவிட வேண்டும். ஒரு கட்டளை கொடுத்தால், எழுதினபடியே எடிட்டர் தயாராகி நிற்கும். எந்த மிஷினில் கொடுத்தாலும் அச்சு அசல் அதே எடிட்டர்.

சொல்லச் சுலபம். கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. ஒரு அடைப்புக்குறியை விட்டால் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து கொட்டும். அதில் ஒரு வரிகூட எந்த இடத்தில் தப்பு என்று சொல்லாது. ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு இது தேவையா என்று என் வீட்டுக்காரரே கேட்டார். “உங்களுக்குத் தேவையான்னு கேட்டா, தேவையில்ல. எனக்குத் தேவை” என்றேன். இரண்டாவது மாதக் கடைசியில் ஒரு லேப்டாப்பைச் சுத்தமாகத் துடைத்து, அந்த ஒரு கட்டளையைக் கொடுத்துவிட்டுக் கீழே டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் எல்லாம் வந்து உட்கார்ந்திருந்தது. அடேயப்பா, அன்றைக்கு எனக்கு இருந்த திமிர்! படிக்கட்டில் நின்று பாத்திரக் கடைக்காரரிடம்கூடச் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும், “நல்லதும்மா” என்றார்.

சார் சரி சொல்லிவிட்டார். இருபத்திரண்டு பேருக்கும் இனி ஒரே பைல். நான் ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டுச் சீட்டு கேட்டேன். ‘உங்கள் எடிட்டரில் எது இல்லாவிட்டால் உங்களால் வேலை பார்க்க முடியாது? எழுதிக் கொடுங்கள்.’ பெரும்பாலும் நிறமும் எழுத்தின் அளவும்தான் வந்தன. எல்லாவற்றையும் பைலில் சேர்த்துக்கொண்டேன்.

சுந்தரபாண்டி மட்டும் கொடுக்கவில்லை.

சுந்தரபாண்டிக்கு அப்போது நாற்பத்தாறு வயது. கம்பெனியின் மூத்த புரோகிராமர். கீழக்குயில்குடியிலிருந்து தினமும் பைக்கில் வருவார். இருபது வருஷமாக ஒரே எடிட்டர், அதில் அவராகவே செய்துவைத்த மாற்றங்கள், எதையும் எங்கேயும் எழுதி வைக்காத மனுஷன். என்னை அக்கா என்று கூப்பிட்டாலும் என் பேச்சுக்கு அடங்குகிற ஆள் இல்லை.

“அக்கா, என் எடிட்டரைத் தொடாதீக. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“எல்லாருக்கும் ஒண்ணுன்னா உங்களுக்கும்தான் அண்ணே. உங்களுக்கு மட்டும் தனி இலை போட முடியாது” என்றேன். அவர் என்னைவிடச் சின்னவர்தான். கோபம் வந்தால் நான் எல்லோரையும் அண்ணே என்பேன்.

“ஒரு நாளைக்கு இது காலை வாரி விடும், பாத்துக்கங்க” என்று ஆபீஸே கேட்கிற மாதிரி சொன்னார். பிறகு சார் கூப்பிட்டுப் பேசினதும், தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதி என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

‘சேவ் பண்ணும்போது எதையும் தொடக் கூடாது.’

எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. நக்கல் பண்ணுகிறார் என்று நினைத்தேன். ‘எதையும் தொடாதே’ என்று எனக்கே எழுதிக் கொடுத்திருக்கிறார் பார் என்று தாளை டிராயருக்குள் போட்டுச் சாத்தினேன். இருபத்தொரு சீட்டுகள் பைலுக்குள் போயின. இருபத்திரண்டாவது சீட்டு பழைய ஸ்டேப்ளர் பின்களோடு கிடந்தது.

அடுத்த வாரமே எல்லோருக்கும் புது எடிட்டர் வந்துவிட்டது. அதற்கு அடுத்த வாரம் கப்பலூரிலிருந்து போன் வந்தது.

அது ஒரு மாட்டுத்தீவனத் தொழிற்சாலை. எங்களுடைய முதல் வாடிக்கையாளர். தவிடு, புண்ணாக்கு, மக்காச்சோளம், தாது உப்பு, சாதா உப்பு என்று பதினான்கு பொருள்களை எந்த அளவில் கலக்க வேண்டும் என்று ஒரு சின்னப் பைல் இருக்கும். பதினான்கு வரி. அதை மிஷினில் ஏற்றினால் அது அளந்து கொட்டிக் கலக்கும். அந்தப் பைலைப் பார்த்துக்கொள்வது சுந்தரபாண்டி மட்டும்தான். அன்றைக்குத் தவிட்டை முந்நூறு கிலோவிலிருந்து முந்நூற்றிருபது ஆக்கச் சொல்லியிருந்தார்கள். அவர் மாற்றி, பென் டிரைவில் எடுத்துப்போய், தன் கையாலேயே மிஷினில் ஏற்றிவிட்டு வந்தார்.

அந்தத் தொழிற்சாலையில் பேச்சியம்மாள் என்று ஒரு அம்மா. மூட்டை தைக்கிற இடத்தில் நிற்பவர். முதல் கலவை கொட்டினதும் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். யாரும் செய்யச் சொன்னதில்லை. மாடு தின்பதை மனுஷி ருசி பார்க்கிறாள் என்று மற்றவர்கள் கேலி செய்வார்களாம். அன்றைக்கு வாயில் வைத்தவர் தூவென்று துப்பிவிட்டு, “நிறுத்துங்கடா! உப்பளத்தையே கொட்டியிருக்கீக!” என்று கத்தியிருக்கிறார். எடுத்துப் பார்த்தால் பத்து கிலோ விழ வேண்டிய உப்பு நூறு கிலோ விழுந்திருந்தது. ஒரு மூட்டைகூட வெளியே போகவில்லை. போயிருந்தால் எத்தனை வீட்டு மாடு படுத்திருக்குமோ.

தொழிற்சாலை முதலாளி, “அந்த ஆளு இனிமே என் கேட்டுக்குள்ள கால் வைக்கப்படாது” என்று சொல்லிவிட்டார்.

சார் சுந்தரபாண்டியைக் கூப்பிட்டார். பைலில் யார் எந்த நாளில் எதை மாற்றினார்கள் என்ற வரலாறு என் பொறுப்பு என்பதால் என்னையும் கூப்பிட்டார். சுந்தரபாண்டி மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை இதுதான்.

“பைலைத் தொறந்தேன். தவிட்டை முந்நூத்தி இருபது ஆக்குனேன். சேவ் பண்ணேன். பென் டிரைவ்ல போட்டேன். கப்பலூர் போய் ஏத்துனேன்.”

“வேற?”

“வேற ஒண்ணும் என் கை செய்யல சார்.”

சார் என்னைப் பார்த்தார். நான் திரையைத் திருப்பிக் காட்டினேன். பழைய பைலுக்கும் புதுப் பைலுக்கும் ஒரே ஒரு வரிதான் வித்தியாசம், தவிட்டு வரி. உப்பு வரி பத்து என்றே இருந்தது. பென் டிரைவில் இருந்த பைலும் அதேதான். அப்படியானால் பைலில் தப்பில்லை. மிஷினுக்குப் பக்கத்தில் போய்க் கை வைத்த ஆள் ஒருவர்தான். அந்த ஆள்தான் ‘இது ஒரு நாள் காலை வாரி விடும்’ என்று ஊரறியச் சொன்னவர். புது எடிட்டருக்குக் கெட்ட பெயர் வரட்டும் என்று வேண்டுமென்றே செய்துவிட்டார் என்று அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஆபீஸ் முழுக்க முடிவு கட்டிவிட்டது. நானும்தான் கட்டினேன். இன்னும் சொன்னால் முதலில் கட்டியதே நான்தான்.

“நாளைக்கு நாலு மணிக்கு முடிவு சொல்றேன்” என்றார் சார். “அதுக்குள்ள உங்க மிஷினை அக்காகிட்ட ஒப்படைச்சிருங்க.” ஒப்படைத்துவிடுங்கள் என்றாலே என்ன முடிவு என்று எல்லோருக்கும் தெரியும். நாற்பத்தாறு வயதில் அவருக்கு மதுரையில் இந்த வேலைக்கு வேறு இடம் கிடையாது. வெளியூர் போகவும் முடியாது. அவருடைய அம்மா இரண்டு வருஷமாகப் படுக்கையில் இருந்தார்.

மறுநாள் காலையில் அந்தப் பைலை மறுபடி எடுத்தேன். அவரைக் காப்பாற்ற எடுத்தேன் என்று சொன்னால் பொய். என் பைலில், என் எடிட்டரில் ஒரு குறையும் இல்லை என்று தாளில் அச்சடித்து சாரிடம் கொடுத்துவிட வேண்டும், யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்ற எண்ணத்தில் எடுத்தேன். எழுத்துகளை எண்ணிப் பார்த்தேன். பழைய பைலில் ஐந்நூற்றி எழுபத்திநான்கு. புதுப் பைலில் ஐந்நூற்றி எழுபத்திரண்டு.

முந்நூறுக்கும் மூன்று இலக்கம், முந்நூற்றிருபதுக்கும் மூன்று இலக்கம். பிறகு எப்படி இரண்டு குறையும்?

பழைய பைலை என் எடிட்டரில் திறந்தேன். எதையும் மாற்றவில்லை. சேவ் மட்டும் கொடுத்தேன். எண்ணினேன். ஐந்நூற்றி எழுபத்திரண்டு.

என் பைலில் நான் எழுதியிருந்த ஒரு வரி ஞாபகம் வந்தது. வரியின் கடைசியில் காலி இடம் கிடந்தால் சேவ் பண்ணும்போது துடைத்துவிடு என்ற வரி. புரோகிராம் எழுதுகிற எல்லோரும் விரும்புகிற சுத்தம் அது, ஒரு கெடுதலும் கிடையாது. ஆனால் கப்பலூர் மிஷின் பழசு. அது வரி பார்த்துப் படிக்காது, இத்தனையாவது இடத்தில் எண் இருக்கும் என்று இடத்தை எண்ணித்தான் படிக்கும். ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு குறிக்கு இடம் உண்டு. குறி தேவைப்படாத வரியில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கும். அப்படிக் காலி இடத்தோடு முடிகிற வரிகள் இரண்டே இரண்டு. கடைசிக்கு முந்தின தாது உப்பும், கடைசி வரியான சாதா உப்பும். தாது உப்பு வரியில் ஒரு காலி இடம் போனதும் சாதா உப்பு வரி முழுக்க ஒரு இடம் முன்னால் நகர்ந்துவிட்டது. எண் இல்லாததைப் பார்த்தால் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்வது அந்த மிஷினின் வழக்கம். பத்துக்குப் பின்னால் ஒரு பூஜ்யம் ஏறிக்கொண்டது. நூறு.

அது ஏன் முந்தின நாள் திரையில் தெரியவில்லை? அதற்கும் ஒரு வரி நான்தான் எழுதியிருந்தேன். இரண்டு பைலை ஒப்பிடும்போது காலி இட வித்தியாசத்தைக் காட்டாதே, கண்ணுக்கு இடைஞ்சல் என்று. அதை எடுத்துவிட்டுப் பார்த்தேன். ஒரு வரி அல்ல, மூன்று வரிகள் மாறியிருந்தன.

டிராயரைத் திறந்தேன். காலண்டர் தாள் அங்கேயே கிடந்தது. ‘சேவ் பண்ணும்போது எதையும் தொடக் கூடாது.’ அடப் பாவி மனுஷா, இதையா சொன்னாய்! அவர் நக்கல் பண்ணவில்லை. நான் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதியிருந்தார்.

அப்போது மணி பதினொன்றரை.

இதை நான் போன மாதம் வரை யாரிடமும் சொன்னதில்லை. பதினொன்றரைக்கு எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நேராக எழுந்து சார் அறைக்குப் போயிருக்க வேண்டும். நான் போகவில்லை. அந்தத் துடைக்கிற வரியை எடுத்துவிட்டு, சரியான பைலை எழுதித் தயாராக வைத்தேன். கட்டளையைத் தட்டினால் பத்து நிமிஷத்தில் இருபத்திரண்டு மிஷினும் சரியாகிவிடும். அடுத்த தடவை உப்பு பத்து கிலோவே விழும். வரலாற்றைத் தோண்டிப் பார்க்கிற ஆள் ஆபீஸில் என்னைத் தவிர யாரும் இல்லை. பயமாக இருந்தது. ஊரைக் கூட்டி மேளம் அடித்து வைத்த பைல், அதிலேயே ஓட்டை என்று எந்த முகத்தோடு சொல்வது? சுண்டு விரலை எண்டர் கட்டையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தட்டவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை. மத்தியானம் டப்பாவைத் திறந்து புளியோதரை சாப்பிட்டேன். மண்ணைத் தின்ற மாதிரி இருந்தது.

இரண்டரை மணிக்கு சுந்தரபாண்டி வந்தார். லேப்டாப்பைத் துடைத்து, சார்ஜர் வயரை ஒழுங்காகச் சுற்றி, என் மேஜையில் வைத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“அக்கா, ஒண்ணு கேக்கணும்.”

“சொல்லுங்க.”

“உங்க எடிட்டர்ல அந்த மஞ்சக் கலர் நல்லாருக்கு. வீட்டு மிஷின்ல போட்டுக்கிறவா? பைலைத் தருவீகளா?”

வேலை போகப் போகிற மனுஷன், வேலையைப் பறித்த பைலையே வீட்டுக்குக் கேட்கிறார். “எடுத்துக்கங்க” என்றேன். அவர் ஒரு நிமிஷம் அங்கேயே நின்றார். பிறகு, “சரிக்கா, வாரேன்” என்று போனார். அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து சார் அறைக் கதவைத் தட்டினேன்.

சார் நாற்காலியைக் காட்டினார். “மூணு தடவை” என்றார்.

முதல் தடவை நான் பேசியதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. மிஷின் பழசு என்றேன். எல்லோரும் கேட்டதால்தான் அந்த வரியைப் போட்டேன் என்றேன். அந்த மனுஷன் விளக்கமாக எழுதிக் கொடுத்திருக்கலாமே என்றேன். சார் கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டாவது தடவை எழுபத்திநான்கும் எழுபத்திரண்டும் சொன்னேன். மூன்றாவது தடவை இவ்வளவுதான் மிச்சம்.

“காலி இடத்தைத் துடைக்கிற வரியை நான் எழுதினேன். வித்தியாசத்தை மறைக்கிற வரியையும் நான் எழுதினேன். அவர் குடுத்த சீட்டை டிராயர்ல நான் போட்டேன்.”

பதினொன்றரை மணியைச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

சார் எழுந்து வண்டிச் சாவியை எடுத்தார். “வாங்கம்மா, கப்பலூர் போயிட்டு வந்துருவோம். இதையே அங்கேயும் சொல்லிருங்க. மூணாவது மட்டும் போதும்.”

தொழிற்சாலை முதலாளிக்கு முன்னால் நின்று அந்த மூன்று வாக்கியத்தையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “தப்பு உங்க ஆபீஸ் தப்பா? அப்ப அந்தத் தம்பியை வரச் சொல்லுங்க. நான் பேசினது தப்பு” என்று தாடையைத் தடவினார். திட்டியது பேச்சியம்மாள்தான். ஊசியைத் தலைமுடியில் செருகிக்கொண்டு அருகே வந்தார்.

“ஏத்தா, அம்புட்டுப் பேரு படிச்சவுக இருக்கீக. அனுப்புறதுக்கு முன்ன உப்பு பாக்க ஒரு ஆளு இல்லையா உங்க ஆபீஸ்ல?”

“இல்லம்மா” என்றேன்.

திரும்பி வந்து சுந்தரபாண்டியிடம் மன்னிப்புக் கேட்டேன். எல்லோர் முன்னாலும் கேட்டேன். குற்றம் சொன்னதும் எல்லோர் முன்னால்தானே. அவர் சங்கடப்பட்டு, “அதெல்லாம் விடுங்கக்கா. அந்தச் சீட்டு இருக்கா?” என்றார். எடுத்துக் கொடுத்தேன். என் நாற்காலியில் உட்கார்ந்து, என் பைலைத் திறந்து, அந்த வரியை அப்படியே தமிழிலேயே குறிப்பாகத் தட்டினார். அதற்குக் கீழே அந்த மாதிரிப் பைல்களுக்குத் துடைக்கிற வேலையை நிறுத்தும் வரியை எழுதினார். மறுநாள் இரண்டு பேருமாக உட்கார்ந்து ஒரு சோதனை எழுதினோம். எடிட்டர் பைலில் யார் எதை மாற்றினாலும், அது எல்லோர் கம்ப்யூட்டருக்கும் போவதற்கு முன் அந்தப் பதினான்கு வரிப் பைலைத் திறந்து, ஒன்றும் செய்யாமல் சேவ் பண்ணி, எழுத்தை எண்ணும். ஐந்நூற்றி எழுபத்திநான்கு வந்தால் வழி விடும். வராவிட்டால் சிவப்பு.

“பேரு என்ன வைக்க?” என்றேன்.

பேச்சியம்மாள் சொன்னதை நான் அவரிடம் சொல்லியிருந்தேன். “உப்புன்னு வைங்கக்கா” என்றார்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். சண்டையும் போட்டோம், நிறைய. பிறகு அவர் திருமங்கலத்தில் சொந்தமாக ஆபீஸ் போட்டுப் போனார். ஓய்வு பெறும்வரை அந்த ஒரு பைலை நான் விடவில்லை. என் வேலையில் நான் செய்த நல்ல காரியம் எது என்று கேட்டால், இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஓட்டையை அடைத்த பிறகு அதைப்போல ஒரு பைல் மதுரை வட்டாரத்தில் யாரிடமும் இல்லை என்றுகூடச் சொல்வேன்.

இதையெல்லாம் எழுதி கவிதாவுக்கு அனுப்பினேன், பதினொன்றரை மணியை மட்டும் விட்டுவிட்டு. மறுநாள் அவளே கூப்பிட்டாள். குரலில் பதற்றம்.

“அக்கா, நீங்க சொன்னீகன்னு எடுக்காம ஓட்டிப் பாத்தோம். சிவப்பு வந்துருச்சு! எழுபத்திரண்டுன்னு காட்டுது. ஏஐ சுருக்கும்போது அந்த அண்ணன் எழுதின வரியைத் தூக்கிருக்கு. துடைக்கிறது மறுபடி வந்துருச்சு. இன்னிக்கு எல்லா மிஷினுக்கும் அனுப்புறதா இருந்தோம்க்கா.”

“எனக்கு எதுக்குச் சொல்ற? இரு, சொல்ல வேண்டிய ஆளுகிட்ட நான் சொல்றேன்” என்று வைத்துவிட்டு சுந்தரபாண்டிக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும், “அப்பிடியா! நம்ம உப்பு இன்னும் கரிக்குதா?” என்று சந்தோஷப்பட்டார். எனக்கு அதற்கு மேல் மனசு கேட்கவில்லை. இத்தனை வருஷம் கழித்துக் கொட்டிவிட்டேன். அன்றைக்குப் பதினொன்றரைக்கே எனக்குத் தெரியும், மூன்று மணி நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், நீங்கள் அந்த மஞ்சள் கலரைக் கேட்டு வராமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது என்று.



“தெரியும்க்கா” என்றார். “அன்னிக்குத் தண்ணி குடிக்க உங்க நாற்காலிக்குப் பின்னால வந்தேன். என் பைல் ரெண்டும் தொறந்து கெடந்துச்சு. ஒண்ணுல எழுபத்திநாலு, ஒண்ணுல எழுபத்திரண்டு. எனக்கும் அப்பவே வெளங்கிருச்சு.”

“பிறகு ஏன் நீங்களே போய்ச் சொல்லல?”

“நான் சொன்னா யாரு நம்பியிருப்பா? நீங்க சொல்லணும். ரெண்டரை வரைக்கும் பாத்தேன், நீங்க எந்திரிக்கல. அதான் கலர் கேக்குற சாக்குல வந்து நின்னேன்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்ப அந்த மஞ்சக் கலர் நல்லாருக்குன்னு சொன்னீகளே?” என்றேன்.

“அதுவா?” என்றார். “கண்ணால பாக்க முடியாதுக்கா.”